பட்டறையா, அலுவலகமா: கணக்கு நன்றாக வரும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ கணக்கில் நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு மாணவர், ஐ.டி.ஐ.யில் சேர்ந்து டர்னர், ஃபிட்டர், மெஷினிஸ்ட் போன்ற ஒரு தொழிலைக் கற்பதா, பி.எஸ்ஸி. கணிதம் படித்து அலுவலக வேலைக்குப் போவதா என்று குழம்பும்போது எழும் கேள்விகளுக்கான விடைகள் இவை. தமிழ்நாட்டு நிலவரத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன. பொறியியல் பட்டப்படிப்பைப் பற்றி இங்கே பேசவில்லை. அதற்கு வழிகாட்ட ஆளுக்குப் பஞ்சமில்லை.

கணக்கில் தொண்ணூறுக்கு மேல் எடுத்தவர் ஐ.டி.ஐ.க்குப் போனால் அந்தத் திறமை வீணாகாதா?

எந்தத் தொழிற்பிரிவு என்பதைப் பொறுத்தது. உலோகத்தை வெட்டி வடிவமைக்கும் பிரிவுகளான டர்னர், மெஷினிஸ்ட், டூல் அண்ட் டை மேக்கர் ஆகியவற்றில் கணக்கு அன்றாடம் கையில் இருக்க வேண்டும். ஒரு முனையில் 40 மி.மீ. விட்டமும் மறுமுனையில் 30 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. நீளமும் உள்ள ஒரு டேப்பர் துண்டைக் கடைந்து தரும்படி டர்னரிடம் வரைபடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விட்டங்களின் வேறுபாட்டை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் 0.1 வரும், எந்தக் கோணத்தின் டேன் மதிப்பு 0.1 என்று பார்த்தால் ஏறக்குறைய 5 பாகை 43 நிமிடம். லேத்தில், அதாவது கடைசல் எந்திரத்தில், வெட்டும் கருவியைத் தாங்கும் காம்பவுண்ட் ரெஸ்ட்டை அந்தக் கோணத்துக்குத் திருப்பி வைத்துத்தான் கடைய வேண்டும். அரைப் பாகை பிசகினாலும் துண்டு ஸ்கிராப்புக்குப் போகும்.

மில்லிங் எந்திரத்தில் 28 பல் உள்ள கியர் வெட்டுபவருக்கு வேறு கணக்கு. துண்டைச் சம பங்குகளாகத் திருப்ப உதவும் டிவைடிங் ஹெட்டின் கைப்பிடியை 40 முறை சுற்றினால்தான் துண்டு ஒரு முழுச் சுற்று சுற்றும் என்பதால், ஒரு பல்லுக்கு 40-ஐ 28-ஆல் வகுத்த அளவு, அதாவது ஒரு முழுச் சுற்றும் ஏழில் மூன்று பங்கும் திருப்ப வேண்டும். அந்த ஏழில் மூன்று பங்கை 21 துளைகள் உள்ள வட்டத்தில் 9 துளைகளாக எண்ணி எடுப்பார்கள். பின்னத்தைச் சுருக்குவதும் விரிப்பதும் பள்ளியில் எதற்காகக் கற்பிக்கப்பட்டன என்று கேட்பவருக்கு இதைக் காட்டலாம். ஒரு தண்டும் துளையும் வரைபடத்தில் ‘25 எச்7/ஜி6’ என்று குறிக்கப்படும் பொருத்தத்தில் அமைய வேண்டும் என்றால், துளை 25.000 முதல் 25.021 மி.மீ.க்குள்ளும் தண்டு 24.980 முதல் 24.993 மி.மீ.க்குள்ளும் இருந்தாக வேண்டும். பள்ளியில் விடை சரி அல்லது தவறு. இங்கே விடைக்கு ஓர் இடைவெளி உண்டு, அதற்குள் நிற்பதுதான் திறமை.

அப்படியென்றால் இரண்டு பக்கமும் ஒரே கணிதம்தானா?

இல்லை. தொழிலில் பயன்படும் கணிதம் பெரும்பாலும் வடிவியல், முக்கோணவியல், விகிதம், கொஞ்சம் இயற்கணிதம் என்ற எல்லைக்குள் நின்றுவிடுகிறது. ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் பட்டறைக் கணக்குக்கென்றும் பொறியியல் வரைபடத்துக்கென்றும் தனிப் பாடங்கள் இருக்கின்றன. பத்தாம் வகுப்புக் கணக்கு நன்றாக வந்தவருக்கு அவை சிரமம் தரமாட்டா. பி.எஸ்ஸி. கணிதத்தில் இரண்டாம் ஆண்டு தொடங்கி வருவது வேறு வகை. அங்கே மெய்யெண் பகுப்பாய்வும் நவீன இயற்கணிதமும் வரும்போது, எண்ணைப் போட்டு விடை எடுக்கும் வேலை குறைந்து, ஒரு கூற்று ஏன் எப்போதும் உண்மை என்று நிறுவும் வேலை கூடிவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு எடுத்த பலர் இந்த இடத்தில் திகைத்து நிற்பதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று. அவர்கள் விரும்பியது கணக்குப் போடுவதை, கல்லூரி கேட்பதோ நிறுவலை.

ஆகவே முடிவெடுப்பதற்கு முன் மாணவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது, ‘எனக்குக் கணக்கு பிடிக்குமா’ என்பதைவிடக் கூர்மையான ஒன்று. ஒரு கணக்கின் விடை சரியாக வந்துவிட்டால் மனம் நிறைகிறதா, அல்லது விடை வந்த பிறகும் அது ஏன் அப்படி வருகிறது என்ற அரிப்பு நீடிக்கிறதா? முதல் வகையினருக்குத் தொழிற்கூடம் நல்ல இடம். கணக்கு நிறையத் தேவைப்படும் அலுவலகங்களும் நல்ல இடமே. இரண்டாம் வகையினர் கணிதத் துறைக்குள்தான் போக வேண்டும். லேத் முன்னால் அவருக்குச் சில ஆண்டுகளில் சலிப்பு தட்டும்.

பி.எஸ்ஸி. கணிதம் முடித்தால் கணிதம் சார்ந்த வேலை கிடைத்துவிடுமா?

பட்டம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் கிடைக்காது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை. வெறும் பி.எஸ்ஸி. கணிதத்தோடு வெளியே வருபவர்களில் பலர், வங்கித் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கும் படித்துக்கொண்டே, ரசீது பதிவதும் எக்செல் தாளில் தரவை நிரப்புவதுமான வேலைகளில் சேர்கிறார்கள். அவை கண்ணியமான வேலைகள். ஆனால் அவற்றில் உள்ளது கூட்டல் கழித்தல், கணிதம் இல்லை. இராமானுஜனே 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தார். அவருடைய கணிதம் அந்தப் பேரேடுகளில் இல்லை என்பதும், அதை வேலை போக மிஞ்சிய நேரத்தில்தான் வளர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பதும், அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்த பிறகே முழு நேரமும் அவருக்கு வாய்த்தது என்பதும் தெரிந்த செய்திதான். அலுவலகக் கணக்கையும் கணிதத்தையும் ஒன்றாக எண்ணும் பெற்றோருக்கு இதை ஒரு முறை நினைவூட்டலாம்.

கணிதம் உண்மையாகவே புழங்கும் அலுவலக வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பட்டத்தோடு இன்னொன்று வேண்டும். பள்ளி ஆசிரியராக வேண்டுமானால் இரண்டாண்டு பி.எட். படிப்பும் ஆசிரியர் தகுதித் தேர்வும் வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களில் இறப்பு விகிதத்தையும் வட்டியையும் வைத்துப் பிரீமியத்தையும் எதிர்காலக் கடப்பாட்டையும் கணிக்கும் ஆக்சுவரி ஆக, இந்திய ஆக்சுவரிகள் கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வை எழுதிப் பிறகு ஒவ்வொரு தாளாகத் தேற வேண்டும். நுழைவுத் தேர்வைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரே எழுதலாம் என்றாலும், எல்லாத் தாள்களையும் முடிக்க வேலை பார்த்துக்கொண்டே பல ஆண்டுகள் ஆகும். பாதியில் நிற்பவர்களும் அதிகம். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்குப் பட்டப்படிப்பில் புள்ளியியலும் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும் அல்லது அதில் முதுகலை இருக்க வேண்டும். கணிதம் மட்டும் படித்துவிட்டு மூன்றாம் ஆண்டு முடிவில் இதைத் தெரிந்துகொள்வது பயனற்றது. கல்லூரியில் சேரும் நாளிலேயே துணைப் பாடம் எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தரவுப் பகுப்பாய்வு வேலைகளுக்கு நிகழ்தகவும் புள்ளியியலும் ஒரு நிரல்மொழியும் தேவை.

சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகம், இந்தியப் புள்ளியியல் கழகம் போன்றவற்றில் படிப்பது எப்படி?

நிறுவலில் நாட்டமுள்ள மாணவருக்கு அவற்றைவிட நல்ல இடம் நாட்டில் அரிது. 1931-இல் மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகம் கொல்கத்தாவில் புள்ளியியல் இளநிலையும் பெங்களூரில் கணித இளநிலையும் நடத்துகிறது. சிறுசேரிக் கழகம் கணிதத்தையும் கணினி அறிவியலையும் சேர்த்து இளநிலைப் பட்டமாகக் கற்பிக்கிறது. புள்ளியியல் கழகத்தில் இப்படிப்புகளைப் பயின்றவர்களுக்கு நெடுங்காலமாகக் கல்விக் கட்டணம் இல்லாமல் மாத உதவித்தொகையும் கிடைத்து வந்திருக்கிறது. சிறுசேரியில் தகுதியுள்ளவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஏழை மாணவர் பணத்தை நினைத்து விண்ணப்பிக்காமலே இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நுழைவுத் தேர்வு கடினமானது. மனப்பாடம் உதவாது. கடந்த ஆண்டு வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

சம்பளம் எதில் அதிகம்?

இருபது வயதில் பார்த்தால் தொழிற்கல்வி படித்தவர் முன்னால் இருப்பார், ஏனென்றால் அவர் சம்பாதிக்கத் தொடங்கியிருப்பார். பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டாண்டு ஐ.டி.ஐ., அதற்குப் பிறகு ஓராண்டு அப்ரண்டிஸ் என்று போனவர் பத்தொன்பது வயதில் வேலையில் இருக்கலாம்; அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் சேரும். பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி., பி.எட். என்று போகிறவர் இருபத்து நான்கு வயதுவரை வீட்டை நம்பியே இருக்க வேண்டியிருக்கும். வீட்டில் அவ்வளவு காலம் தாங்கும் வசதி இருக்கிறதா என்பதை மாணவரிடம் மறைக்காமல் பேசிவிடுவது நல்லது.

நாற்பது வயதில் படம் மாறும். எந்திரத்தில் துண்டை மாட்டிப் பொத்தானை அழுத்தும் ஆபரேட்டராகவே ஒருவர் நின்றுவிட்டால் சம்பளம் ஓரிடத்தில் தேங்கிவிடும். ஆபரேட்டர், எந்திரத்தை வேலைக்கு ஆயத்தம் செய்யும் செட்டர், கணினி வழி இயங்கும் எந்திரத்துக்கு நிரல் எழுதும் சி.என்.சி. புரோகிராமர், டூல் டிசைனர் என்ற படிகளில் ஏறுபவருக்குத்தான் தொழில் நல்ல சம்பளம் தருகிறது. அந்தப் படிகளில் ஏற்றுவது பெரும்பாலும் கணக்கும் வரைபடம் படிக்கும் திறனும்தான். ஆகவே கணக்கு வரும் மாணவருக்குத் தொழிற்கூடத்தில் கூடுதல் சாதகம் உண்டு. இரயில்வேயின் உதவி லோகோ பைலட், டெக்னீஷியன் பணிகளும் இஸ்ரோவின் டெக்னீஷியன் பணியும் ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு உரியவை, அவற்றின் எழுத்துத் தேர்வுகளிலும் கணக்கு உண்டு.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பெரிய ஆலையின் பெயரைப் பார்த்துச் சேர்பவர்கள், தம்மை நிரந்தரப் பணியாளராக எடுக்கிறார்களா, அப்ரண்டிஸாகவா, ஒப்பந்தக்காரர் மூலமாகவா என்பதைக் கேட்பதில்லை. ஒரே வரிசையில் நின்று ஒரே வேலையைச் செய்யும் மூன்று பேருக்கு மூன்று விதச் சம்பளம் இருப்பது நம் தொழிற்பேட்டைகளில் கண்கூடு. மிகைநேர வேலைக்குச் சட்டப்படி இருமடங்கு ஊதியம் தர வேண்டும் என்பதையும் சேரும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

உடம்பு தாங்குமா?

எட்டு மணி நேரம் நின்றுகொண்டு செய்யும் வேலை இது. வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலண்ட் எண்ணெய் பட்டுக் கை தோல் எரிச்சல் கொள்வதும், இரவு ஷிஃப்டில் தூக்கம் கெடுவதும், பிரஸ் ஷாப் சத்தத்தில் காது மந்தமாவதும் உண்மை. சுற்றும் எந்திரத்தின் அருகே கையுறையோ தொங்கும் துணியோ கூடாது என்ற விதி ஏட்டில் மட்டும் உள்ள பட்டறையில் ஒருநாளும் சேரக் கூடாது. அலுவலக வேலையின் கழுத்து வலியும் கண் எரிச்சலும் இதற்கு ஈடாகா. உடல் வலு குறைந்தவருக்கு அளவீடு, தரச் சோதனை, புரோகிராமிங் போன்ற பிரிவுகள் பொருந்தும்.

ஒரு பக்கம் போய்விட்டுப் பிறகு மனம் மாறினால் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கான விடையைத்தான் மாணவர்கள் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் கதவுகள் இரு பக்கமும் ஒரே அளவில் திறப்பதில்லை. ஐ.டி.ஐ.யில் இருந்து தொழில்நுட்பப் படிப்புகளுக்குள் மேலே ஏறும் வழி நன்றாகவே இருக்கிறது: பத்தாம் வகுப்போடு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமா முடித்தவர் பொறியியலில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். தொழில் கற்பிக்க விரும்புபவர் கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் பயிற்றுநர் பயிற்சி பெறலாம். பி.எஸ்ஸி. கணிதம் முடித்தவரும் இருபத்தொரு வயதில் ஐ.டி.ஐ.யில் சேரத் தடையில்லை. ஆனால் அந்த வயதில் பதினாறு வயதுப் பிள்ளைகளோடு அரத்தால் தேய்க்கும் ஃபைலிங் பழகும் பொறுமை பலருக்கு இருப்பதில்லை.

பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ.க்குப் போனவர் பின்னர் தூய கணிதத்துக்குத் திரும்புவதுதான் மிகக் கடினம். நுண்கணிதத்தை முறையாகக் கற்கும் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள் விடுபட்டிருக்கும். எனவே நாட்டம் எந்தப் பக்கம் என்று உறுதியாகத் தெரியாதவருக்கு நான் சொல்வது, கணிதப் பாடத்தோடு பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுப் பிறகு ஐ.டி.ஐ. பற்றி யோசிக்கலாம் என்பதே. இரண்டு ஆண்டு தள்ளிப்போகும். ஆனால் சிறுசேரியும் பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் மூன்றுமே அப்போது எட்டும் தூரத்தில் இருக்கும். வீட்டு நிலைமை இரண்டாண்டு பொறுக்காது என்றால் யோசிக்காமல் ஐ.டி.ஐ.க்குப் போகலாம்.

‘பட்டதாரி’ என்ற பெயர் இல்லாவிட்டால் சமூகத்தில் மதிப்பு இருக்குமா? பெண் கொடுப்பார்களா?

தயங்கித் தயங்கி, பெரும்பாலும் அம்மாக்கள் கேட்கும் கேள்வி. அப்படி ஒரு சிக்கலே இல்லை என்று மழுப்பிப் பயனில்லை: திருமணப் பேச்சில் பட்டம் இன்றும் எடைபோடப்படுகிறது, அழுக்குச் சட்டை இன்னமும் முகம் சுளிக்க வைக்கிறது. இதற்காகவே மூன்றாண்டு செலவழித்து விருப்பமில்லாத பட்டம் வாங்குவதைவிட, வேலையில் சேர்ந்தபின் தொலைநிலைக் கல்வியிலோ பகுதிநேர டிப்ளமாவிலோ சேர்ந்து அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளலாம். கணிதம் படிக்கப் பிடிக்காதவர் மாமாவின் வாயை அடைக்கக் கணிதம் படித்தால், மாமா அடுத்து வேலை எங்கே என்று கேட்பார்.

பெண்களுக்கு இந்தத் தொழில்கள் ஒத்துவருமா?

வரும். பெண்களுக்கென்றே தனி அரசு ஐ.டி.ஐ.க்கள் இருக்கின்றன, சி.என்.சி. எந்திரங்களில் பழைய லேத் அளவுக்கு உடல் வலு தேவைப்படுவதில்லை. எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் பெண்களே மிகுதி. வேலைக்கு முன் கேட்க வேண்டியவை கழிப்பறை, இரவு ஷிஃப்டுக்கு வண்டி, தங்கும் விடுதி ஆகியவைதான். நல்ல நிர்வாகம் இவற்றுக்குத் தயங்காமல் விடை சொல்லும்.

சொந்தமாகப் பட்டறை வைக்கும் எண்ணத்தோடு தொழில் கற்கலாமா?

கோவை கணபதியிலும் சென்னை அம்பத்தூரிலும் ஓசூரிலும் இரண்டு மூன்று எந்திரங்களோடு ஜாப் ஒர்க் (பிற நிறுவனங்களுக்குக் கூலிக்குச் செய்து தரும் வேலை) எடுத்து நடத்தும் முதலாளிகளில் பலர் ஒரு காலத்தில் லேத்தில் நின்றவர்களே. அவர்களில் நிலைத்தவர்களுக்குக் கடைசல் வேலையோடு இன்னொரு கணக்கும் தெரிந்திருக்கும். எந்திரத்தின் வங்கித் தவணை, மின்கட்டணம், இன்செர்ட் எனும் வெட்டுமுனையின் தேய்மானம், வாடகை, கூலி ஆகியவற்றைக் கூட்டி, எந்திரம் உண்மையில் ஓடும் மணிகளால் வகுத்து, மணிக்கு இவ்வளவு என்று விலை சொல்லத் தெரியாதவர், ஆர்டர் நிறைய இருந்தும் நட்டப்படுவார். இதில் பலர் தவறுவது வகுக்கும் எண்ணில்; ஷிஃப்ட் எட்டு மணி நேரம் என்பதற்காக எந்திரமும் எட்டு மணி நேரம் ஓடுவதாக எண்ணிக்கொள்கிறார்கள். செட்டிங், மின்தடை, துண்டுக்காகக் காத்திருத்தல் எல்லாம் போக ஓடுவது அதைவிடக் குறைவு.

அடுத்த சிக்கல் பணம் வந்து சேரும் நாள். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இருந்தால் தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம். அடுத்த ஆர்டர் வராமல் போய்விடுமே என்று கேட்காமல் இருப்பவர்களே மிகுதி. முதலில் குறைந்தது ஐந்தாறு ஆண்டு பிறரிடம் வேலை பார்த்து, செட்டிங்கையும் விலை சொல்வதையும் கற்ற பிறகு இறங்குவதே பாதுகாப்பு.

கணினியும் செயற்கை நுண்ணறிவும் இரண்டு வேலைகளையும் விழுங்கிவிடாதா?

எந்திரத்துக்கான நிரலை இன்று மென்பொருளே எழுதித் தருகிறது; தரவு நிரப்பும் அலுவலக வேலையும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் மெல்லிய துண்டை எந்திரத்தின் பிடிதாடையான ஜாவில் எப்படிப் பிடித்தால் நெளியாது என்பதையும், வெட்டும் சத்தம் மாறும்போது எதை நிறுத்த வேண்டும் என்பதையும் ஒருவர் பக்கத்தில் நின்றுதான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் புதிய எந்திரங்களோடு, கணினியும் தானியங்கி எந்திரமும் இணைந்த ‘தொழில் 4.0’ மையங்களாக மாற்றப்பட்டிருப்பது இந்த மாற்றத்தை எதிர்பார்த்துத்தான். இரண்டு பக்கமும் முதலில் போவது, மனிதர் யோசிக்காமல் செய்துவந்த பகுதி.

சேர்வதற்கு முன்பே எனக்கு எது பொருந்தும் என்று சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு, பொதுத்தேர்வு முடிந்த கோடை விடுமுறையே போதும். தெரிந்தவர் பட்டறை ஒன்றில் இரண்டு வாரம் காலையில் போய் நின்று பாருங்கள். எந்திரத்தைத் தொட வேண்டாம். நுட்பமாக அளக்க உதவும் ஒரு வெர்னியரை வாங்கி, 0.02 மி.மீ. வரை அளக்கப் பழகி, ஒரே துண்டை மூன்று முறை அளந்தால் ஒரே அளவு வருகிறதா என்று பாருங்கள். மாலையில் சிறுசேரிக் கழகத்தின் பழைய நுழைவுத் தேர்வுத் தாளில் ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, விடைக் குறிப்பைப் பார்க்காமல் உட்காருங்கள். அது வராமல் போவது பெரிதில்லை. அடுத்த நாள் பேருந்தில் போகும்போதும் அது மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதா, அல்லது பட்டறையில் பார்த்த துண்டுதான் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கவனியுங்கள்.

ஐ.டி.ஐ. என்று முடிவானால் எந்த ஐ.டி.ஐ.யைத் தேர்ந்தெடுப்பது?

முதலில், அந்தப் பிரிவு தேசியத் தொழிற்சான்றிதழ் தரும் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்க வேண்டும்; நிலையத்துக்கு அங்கீகாரம் இருந்தும் குறிப்பிட்ட பிரிவுக்கு இல்லாமல் இருக்கலாம். பிறகு பட்டறையைக் காட்டச் சொல்ல வேண்டும். லேத்தின் அடியில் அன்று விழுந்த சுருள் இருக்கிறதா, எந்திரத்துக்கு மின் இணைப்பு இருக்கிறதா, ஒரு எந்திரத்துக்கு எத்தனை பேர் என்று பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்துத் துடைத்து வைத்த எந்திரம் சில இடங்களில் பார்வையாளருக்கு மட்டுமானது. கடந்த ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே அப்ரண்டிஸாக இருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் கேட்பதோடு, வாசலில் டீக்கடையில் நிற்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடமும் கேட்டுவிட்டு விண்ணப்பத்தில் அந்த நிலையத்தின் பெயரை எழுதுங்கள்.